எழுத வரும் தங்கைமாருக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி நமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த அமர்வுக்காகக் கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருந்தார். வந்த கேள்விகளை என் கையில் தந்தார். பல கைகளில் எழுதப்பட்டிருந்தாலும் அவை மூன்றே கேள்விகள்தாம். "அக்கா, புத்தகம் போட ஏஜண்டு யாராவது வேண்டுமா? தெரிந்தவர் இருக்கிறாரா?" இது முதலாவது. "பதிப்பகத்தில் இவ்வளவு பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?" இது இரண்டாவது. மூன்றாவதை ஒரு தங்கை இப்படி எழுதியிருந்தார்: "எழுதியதை யாரிடம் காட்டுவது? வீட்டில் காட்ட முடியாது." இந்த மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த மட்டில் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு முன், நமக்கு முன்னால் எழுதியவர்கள் எப்படி நூலாசிரியர்கள் ஆனார்கள் என்று பார்ப்போம். பதில்களில் பாதி அங்கேயே இருக்கிறது.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளரின் துன்பத்தைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். பாடியதோடு விடவில்லை. சிறு நூலாக அச்சிட்டுச் சனங்களின் கையில் கொடுத்தார். 1940ஆம் ஆண்டிலேயே மலையகத்தில் ஒரு பெண் தன் சொல்லைத் தானே அச்சேற்றியிருக்கிறார். அவருக்கு ஏஜண்டும் இருக்கவில்லை, பெரிய பதிப்பகமும் இருக்கவில்லை. கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள், அதுதான் அவருடைய பலம்.

அடுத்து நம் ஊவா மண்ணின் தெளிவத்தை ஜோசப். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டவர். 1960களில் வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் 'தோட்ட மஞ்சரி' பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டங்களில் குப்பி விளக்கில் எழுதியவர்களை அந்தப் பக்கம் தேடிப் பிடித்தது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்ற தொகுப்பாக வீரகேசரி வெளியீடாக வந்தன. 1974இல் ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவலையும் வீரகேசரி வெளியிட்டது. அக்காலத்தில் தமிழக இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது, உள்ளூர் எழுத்துக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் அந்த இடத்தை நிரப்பும் ஆட்கள் தயாராக இருந்தது பத்திரிகைப் பக்கத்தாலும் மன்றத்தாலும்தான். தோட்டத்தில் தொடங்கிய அந்த எழுத்துக்குத்தான் 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையை இங்கே பலர் வாசித்திருப்பீர்கள். அந்தக் கதை தினகரனில் வந்தது 1961இல். அதே பெயரில் தொகுதி வெளிவந்தது 1980இல். நடுவில் ஏறத்தாழ இருபது வருடங்கள். கதை நன்றாக இல்லையென்றா? இல்லை. புத்தகமாக்க ஆள் இல்லை. அதைச் செய்தது 'வைகறை' என்ற சிறு பதிப்பு முயற்சி. நடத்தியவர் பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன். 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980இல் இராமையாவின் தொகுதி, 1981இல் சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்'. மூன்றே புத்தகங்கள்தாம். அவை வராமல் இருந்திருந்தால், மலையக இலக்கியம் என்று பல்கலைக்கழகத்தில் இன்று படிப்பதில் எவ்வளவு பழைய பத்திரிகைக் கட்டுகளோடு செல்லரித்துப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நித்தியானந்தனே பிற்காலத்தில், மறந்துபோன பழைய மலையக எழுத்துகளைத் தேடி எடுத்து 'கூலித்தமிழ்' என்ற நூலை எழுதினார். அதனைச் சென்னை க்ரியா 2014இல் வெளியிட்டது.

1990களில் அதே வேலையைத் துரை விஸ்வநாதன் செய்தார். வியாபாரியான அவர் 'துரைவி' என்ற பெயரில், தெளிவத்தை ஜோசப்பைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய பெருந்தொகுப்புகளைக் கொண்டுவந்தார்.

பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இலேயே வந்த நாவல். அந்தனி ஜீவா, மலையகப் பெண்களின் சிறுகதைகளைத் தேடி 'குறிஞ்சி மலர்கள்' என்று தொகுத்தார். 2007இல் ஊடறு, மலையகப் பெண் கவிஞர்களின் கவிதைகளை 'இசை பிழியப்பட்ட வீணை' என்ற பெயரில் கொண்டுவந்தது. நம் தலைமுறையில் பிரமிளா பிரதீபன் எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளரை வைத்து 'கட்டுபொல்' நாவலை எழுதினார்.

இந்தப் பெயர்களையெல்லாம் ஏன் அடுக்கினேன்? ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் யாரோ ஒருவர், எழுதியவருக்கு வெளியே ஒருவர், "இது புத்தகமாக வேண்டும்" என்று நினைத்திருக்கிறார். அந்த ஆள் பத்திரிகையாளராகவோ, விரிவுரையாளராகவோ, கடைக்காரராகவோ இருந்திருக்கிறார். நமக்கு இல்லாதது அந்த ஆள்தான்.

இனி ஏஜண்டுக் கேள்விக்கு வருவோம்.

ஏஜண்டு என்றதும் நம் வீடுகளில் நினைவு வருவது வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர். அதற்கும் முந்திய ஏஜண்டு கங்காணி. ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கினார். கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி வைத்து, அந்தக் கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி செய்தார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. ஆகவே நடுவில் நிற்பவர் யார், அவருக்குக் காசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நமக்குப் பரம்பரையாகவே தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

இலக்கிய முகவர் என்பவர் ஆங்கிலப் பதிப்புலகத்தில் இருப்பவர். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகங்களுக்குக் கொண்டுபோய், பேரம் பேசி, ஒப்பந்தத்தைப் பார்த்துக் கொடுப்பார். புத்தகம் விற்று எழுத்தாளருக்கு வரும் பணத்தில் வழக்கமாக 15 வீதம் எடுப்பார். மொழிபெயர்ப்பு, வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 வீதம். புத்தகம் விற்காவிட்டால் அவருக்கும் ஒன்றுமில்லை. இதிலிருந்து ஒரு விதியை மனதில் வையுங்கள்: வாசிப்பதற்கென்றோ பதிவு செய்வதற்கென்றோ முதலிலேயே உங்களிடம் காசு கேட்பவர் ஏஜண்டு அல்ல.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஏஜண்டு தேவையில்லை. அப்படி ஒரு தொழிலே இங்கு வளரவில்லை. கொழும்பிலும் சென்னையிலும் பதிப்பாளருக்கு நேரே கடிதம் எழுதலாம், பிரதியை அனுப்பலாம். காலச்சுவடு போன்ற பதிப்பகங்கள் தங்கள் நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தாமே கவனிக்கின்றன.

இலண்டனிலும் டொரன்டோவிலும் மெல்பேர்னிலும் இருந்து ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கேள்வி உண்மையான கேள்வி. பிரித்தானியாவில் ஆண்டுதோறும் வரும் எழுத்தாளர், ஓவியர் ஆண்டுநூலில் முகவர்களின் விபரம் இருக்கிறது, பொது நூலகத்திலேயே பார்க்கலாம். அங்குள்ள எழுத்தாளர் சங்கம் அங்கத்தவரின் ஒப்பந்தத்தைப் பரிசீலித்துக் கொடுக்கிறது. கையொப்பத்துக்கு முன் அந்த உதவியை எடுங்கள்.

இலங்கையில் இருந்துகொண்டே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கிரேஷியன் பரிசு இருக்கிறது. மைக்கேல் ஒந்தாச்சி தமக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு தொடங்கியது. அச்சாகாத கையெழுத்துப் பிரதியையும் அதற்கு அனுப்பலாம். செஹான் கருணாதிலக்கவின் முதல் நாவல் 2008இல் கையெழுத்துப் பிரதியாகத்தான் அந்தப் பரிசை வென்றது. பின்னர் அவரே அதை இங்கே அச்சிட்டு வெளியிட்டார். அதன் பிறகுதான் இந்தியாவிலும் இலண்டனிலும் பெரிய பதிப்பகங்கள் எடுத்தன. 2022இல் அவர் புக்கர் பரிசு பெற்றதை எல்லோரும் அறிவீர்கள். அந்த நாவலும் முதலில் 2020இல் இந்தியாவில் வேறொரு பெயரில் வந்து, பிறகு திருத்தி எழுதப்பட்டு இலண்டனில் ஒரு சிறு பதிப்பகத்தால் வெளியிடப்பட்டதுதான். தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு வரும் மொழிபெயர்ப்புக்கு எச். ஏ. ஐ. குணதிலக்க பரிசு உண்டு. இரு மொழியும் தெரிந்த தங்கைமார் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி காசு.

நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் எப்படி வருகிறது என்பதை ஒளிக்காமல் பேசுவோம். பெரும்பாலும் எழுதியவரே காசு போடுகிறார். முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் அடிக்கிறார். வெளியீட்டு விழா வைக்கிறார். தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை. முதற் பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வாங்குகிறவர்கள் உறையில் வைத்துக் கொடுப்பதில்தான் அச்சுக் கூலி தேறுகிறது. மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கடியில். 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு இது. கடதாசி விலையும் அச்சுச் செலவும் அதற்குப் பிறகு பழைய நிலைக்கு வரவேயில்லை.

சொந்தக் காசில் புத்தகம் போடுவதில் வெட்கமில்லை. மீனாட்சி அம்மையார் செய்ததும் அதுதான். ஆனால் அச்சகத்துக்குக் காசு கொடுப்பது வேறு, பதிப்பகத்துக்குக் காசு கொடுப்பது வேறு. அச்சகத்துக்குக் கொடுத்தால் அத்தனை பிரதியும் உங்களுடையது. பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டு காசு கேட்டால், அந்தக் காசுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். செம்மைப்படுத்துகிறார்களா? எழுத்துப்பிழை பார்க்கிறார்களா? எத்தனை பிரதி, எந்தெந்தக் கடை, கணக்கு எப்போது? நம்மில் ஒருவர், ஆசிரியையாக இருப்பவர், சேமிப்பிலிருந்து ஒரு தொகையைக் கொடுத்தார். பிரதிகள் வீட்டுக்கு வந்தன, ஒரு கடைக்கும் போகவில்லை. பின்னட்டையில் அவருடைய தோட்டத்தின் பெயரே பிழையாக இருந்தது. அவர் அதற்குப் பிறகு எழுதவேயில்லை. போன காசைவிட எனக்கு அதுதான் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

ஆகவே சில விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். அதைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். ஆகவே கையொப்பமிடும்போது கவனம். ஒரு பதிப்பை அச்சிட அனுமதி கொடுப்பதும் முழு உரிமையையும் எழுதிக் கொடுப்பதும் ஒன்றல்ல. எத்தனை ஆண்டுக்கு, எந்த மொழிக்கு, மின்னூல் உண்டா, பிரதிகள் தீர்ந்தால் உரிமை திரும்புமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உரிமைத்தொகை தமிழில் வழக்கமாகப் பத்து வீதம். அது கிடைக்காவிட்டாலும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

சர்வதேச நியம நூல் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். 955, 624 என்பவை இலங்கைக்குரிய எண்கள். அந்தச் சபையே நூல் வெளியீட்டுக்கு உதவும் திட்டமொன்றையும் நடத்துகிறது. அறிவித்தல் வரும்போது விண்ணப்பியுங்கள், விண்ணப்பிக்காமல் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று சொல்லாதீர்கள்.

தட்டச்சு செய்வதை யுனிகோட்டில் செய்து ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அச்சகத்தில் பாமினிக்கு மாற்றும்போது எழுத்துகள் கெடும். மாற்றிய பிறகு ஒருமுறை கட்டாயம் வாசித்துப் பாருங்கள். திருமணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர், இடையில் ஒரு புனைபெயர் என்று எழுதாமல் ஒரே பெயரில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நூலகப் பட்டியலில் நீங்கள் மூன்று பேராகி விடுவீர்கள்.

பிரதிகள் தீர்ந்ததும் நூலகம் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்து மின்வடிவில் சேர்த்து விடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்கக் கொடுத்து வருகிறார்கள். நான் சொன்ன பழைய நூல்கள் பலவற்றை வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் அங்கேதான் தேடிப் பார்க்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முன், புத்தகத்துக்கு அவசரப்படாதீர்கள். முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள். மல்லிகை இன்று இல்லை, ஆனால் 2000இல் தி. ஞானசேகரன் தொடங்கிய 'ஞானம்', அல்வாயிலிருந்து வந்த 'ஜீவநதி' போன்ற இதழ்கள் எத்தனையோ புதியவர்களை எழுத வைத்திருக்கின்றன. தினசரிகளின் வாரமலர்கள் இருக்கின்றன. பத்துக் கதை அச்சில் வந்த பிறகு பதிப்பாளரிடம் போனால் அவர் பேசும் விதமே மாறும்.

மூன்றாவது கேள்வி, யாரிடம் காட்டுவது.

இதுதான் எனக்கு மிகப் பாரமான கேள்வி. வீட்டில் காட்ட முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். லயத்தைப் பற்றி எழுதினால், "படித்து முன்னேறிய பிறகு ஏன் அதைக் கிளறுகிறாய்?" என்பார்கள். மாமியாரைப் பற்றி ஒரு வரி வந்தால் அது தன் மாமியார்தான் என்பார்கள். தோட்டத்தைப் பற்றி எழுதினால் அங்கே இன்னும் வேலை செய்யும் சொந்தக்காரருக்குச் சங்கடம் வரலாம். இவை பொய்யான பயங்கள் அல்ல. ஆகவே முதல் வாசகர் வீட்டுக்கு வெளியே, ஆனால் நம்மைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதற்குப் பழைய மாணவியர் சங்கத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம்.

ஐந்தாறு பேர் போதும். மாதத்துக்கு ஒரு தடவை, நேரிலோ தொலைபேசியிலோ. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்கூட்டியே வாசித்து வர வேண்டும். எழுதியவர் முதலில் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி எழுந்து போகக் கூடாது. எந்த இடத்தில் விளங்கவில்லை, எந்த இடத்தில் அலுத்தது, எந்த இடத்தில் கண் கலங்கியது என்று இடம் காட்டிச் சொல்ல வேண்டும். அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது. இந்தக் கடைசி விதி உடைந்தால் வட்டமும் உடையும்.

இதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023இல் நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த இருநூறு வருடத்தில் மலையில் நின்று கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அவர்கள் கட்டியவை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடிச் சேர்க்காவிட்டால் அவையும் மிஞ்சியிருக்காது. ஆனாலும் நாட்டார் பாடல் என்ற சொல்லே, பாடியவளின் பெயர் நமக்குத் தெரியாது என்பதைத்தான் சொல்கிறது. நம் பாட்டிமாருக்கு எழுதத் தெரியவில்லை, பெயர் போய்விட்டது. நமக்கு இந்தக் கல்லூரி எழுதக் கற்றுக் கொடுத்தது. நாமும் பெயரில்லாமல் போனால் அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள் வைத்து முடிக்கிறேன். ஒன்று, இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே நமது கல்லூரி நூலக அறையில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசி வழியாகச் சேரலாம். இரண்டு, ஆண்டுக்கு ஒரு பழைய மாணவியின் நூலை வட்டம் தேர்ந்தெடுத்தால், அதில் நூறு பிரதிகளுக்கான காசைச் சங்கம் முன்கூட்டியே கொடுத்து வாங்கி, நமது மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும். இப்படி முன்பணம் கிடைத்தால் எழுதுகிறவர் யாரிடமும் கையேந்தத் தேவையில்லை. மூன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியைமார் நம்மில் பலர் இருக்கிறார்கள். எழுத்துப்பிழை பார்க்கும் வேலையை அவர்கள் பொறுப்பேற்க வேண்டும். பரீட்சைத் தாளில் ஒற்று விட்டதற்கு ஒரு புள்ளி குறைத்த அந்தச் சிவப்புப் பேனாவை மறுபடி கையில் எடுங்கள், ரீச்சர்.

வைகறை மூன்று புத்தகங்களை வெளியிட்டது. நூறு வருடத்துப் பிள்ளைகள் சேர்ந்த சங்கத்தால் அதற்கு மேலும் முடியும். வாசிப்பு வட்டத்துக்கான பெயர்ப் பதிவுத் தாள் வாசலில் செயலாளரின் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.